வாயசைப்பு

மே இரண்டாம் வாரம், உச்சியில் கத்திரி.
சைதாப்பேட்டைப் பள்ளியின் மாடி வகுப்பில்
இசையாசிரியர்கள் நாற்பத்திரண்டு பேர்.
பணித்திறன் மேம்பாடு, ஐந்து நாள்.
பதிவேட்டில் காலையில் ஒரு கையெழுத்து,
சாம்பார் சாதத்துக்குப் பிறகு இன்னொன்று.
நடுவில் ஓடிவிடுவோம் என்று
யாரோ சரியாகத்தான் கணித்திருக்கிறார்கள்.

நான் பகுதிநேரம். மே மாதம் சம்பளம் கிடையாது.
வியாசர்பாடியிலிருந்து ரயிலும் ஷேர் ஆட்டோவும் என் காசு.
பயணப்படி வரும் என்றார்கள்.
வரும், மழையும்தான் வரும்.

பயிற்றுநர் நிரஞ்சனாவுக்கு என் மகள் வயது.
துப்பட்டாவில் குண்டுமணி அளவு மைக்.
குழந்தையாக மாறினால்தான்
குழந்தைக்குச் சொல்லித்தர முடியும்
என்று திரையில் ஒரு வாக்கியம்.
'மாறினால்' மீது ஒரு பல்லி
நிதானமாக நடந்து போனது.

இன்னிக்கு நீங்க எல்லாரும் ஆறாம் கிளாஸ், என்றார்.
அவ்வளவுதான்.
வில்லிவாக்கம் பெரியநாயகி டீச்சர்
பக்கத்துப் பையிலிருந்து முறுக்கை உருவினார்.
மிஸ், இவன் கிள்றான் மிஸ், என்றார்
ஓய்வுபெற ஏழு மாதமே இருக்கும் மிருதங்கக்காரர்.
தண்ணி குடிக்க எட்டு விரல்கள் உயர்ந்தன.
நான் கடைசி பெஞ்சுக்குப் போனேன்.
யாரும் போகச் சொல்லவில்லை,
கால்களுக்கு வழி தெரிந்திருந்தது.

சரளி வரிசை, ஐந்தரைக் கட்டை, என்றார் நிரஞ்சனா.
ஐந்தரையா!
நாற்பத்தேழு வயதுத் தொண்டை என்னுடையது.
நிஷாதம் வரை எப்படியோ போய்விடும்,
மேல் ஸட்ஜத்தில்
மேம்பாலம் ஏறும் மாநகரப் பேருந்து.
முன் பெஞ்சில் இசைக்கல்லூரிக்காரர்கள்,
இஸ்திரி போட்ட குரல்கள்.
நான் வாயை மட்டும் திறந்தேன்.

என்ன ஒரு நிம்மதி.
அத்தனை சத்தத்துக்கு நடுவில்
மின்கம்பத்து நிழல் அகலத்துக்கு ஓர் இடம்.
ஒருத்தி நிற்கலாம்.

அங்கே ஏற்கனவே மகிஷா நின்றிருந்தாள்.
ஏழாம் வகுப்பு 'பி', ரெட்டைப் பின்னல்.
காலை வழிபாட்டில் வாயசைத்தவளை
மேடைக்கு இழுத்து, தனியாப் பாடு, என்றேன் டிசம்பரில்.
தும்மல் போல ஏதோ வந்தது.
பள்ளியே சிரித்தது.
சிரிக்காதீங்க என்று
நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்.
பிறகு வெள்ளி கடைசிப் பிரியட் வந்தால்
அவளுக்கு வயிற்றுவலி.
மேடையில் நான் பாடுவதில்லை என்பதையும்
சொல்லிவிடுகிறேன். தாளம் மட்டும் போடுவேன்.

பக்கத்தில் எண்ணூர் செல்வின் சார்.
கீபோர்டில் புலி.
வாய் கிணறு போலத் திறந்திருக்கிறது,
உள்ளே ஒன்றுமில்லை.
பார்த்துக்கொண்டோம்.
இருவரும் ஒரே நேரத்தில் மூடினோம்,
ஒரே நேரத்தில் திறந்தோம்.
அறை நிறையப் பாட்டு இருந்தது,
யாருடையது என்று தெரியவில்லை.
சூப்பர், எல்லாருமே பாடினீங்க, என்றார் நிரஞ்சனா.

ஐந்தாம் நாள் பின்னூட்டப் படிவம்.
கற்றுக்கொண்டது என்ன, மூன்று வரிக்கு மிகாமல்.
ஸ்வர அட்டை, கைதட்டு விளையாட்டு,
கைபேசிச் செயலி என்று எழுதினேன்.
மூன்றாவது வரியில் இடம் மிச்சமிருந்தது.
சான்றிதழில் என் பெயர் 'மங்கையர்கரசி'.
ஒரு 'க்' குறைவு.
அதுவும் வாயை மட்டும் அசைத்திருக்கும்.

பார்க் ஸ்டேஷனில் இறங்கிவிட்டேன்.
எங்கள் பள்ளிச் சுருதிப்பெட்டியின் குமிழ் உடைந்து
ஐந்தரையிலேயே நிற்கிறது, ஆறு வருடமாக.
அந்தப் பெட்டிக்குத்தான்
முந்நூறு பிள்ளைகளும் எட்டி எட்டிப் பாடுகிறார்கள்.
ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கினேன்.
ஐந்தாவது கடைப் பையன்
பழைய பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்துத் தேடி,
இது பொருந்தும், எண்பது ரூபாய், என்றான்.
பொருந்தலேன்னா?
கொண்டாங்க, பாத்துக்கலாம்.

கறுப்புக் குமிழ், புளியங்கொட்டை அளவு.
பையில் போட்டால் தொலைந்துவிடும்.
சான்றிதழில் சுருட்டி
ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டேன்.