மேசை லாச்சி

வெள்ளவத்தையில், தண்டவாளத்துக்கு இரண்டு ஒழுங்கை இந்தப் பக்கம்,
இருபத்திரண்டு அறை லொட்ஜ். இரவு டியூட்டி எனக்கு.
பாஸ்போர்ட்டை விரிக்கும் முன்பே
சார்ஜரைப் பார்த்து நாட்டைச் சொல்லிவிடுவேன்.

நெட்டுக்குத்தாக இரண்டு தட்டைத் தகடு: கனடா.
அவுஸ்திரேலியாவின் தகடுகள் சரிந்திருக்கும்,
அழப்போகிற பிள்ளையின் புருவம் போல.
சுவிஸுக்கு மூன்று மெல்லிய குச்சி,
நடுவில் உள்ளது மட்டும் சற்றே விலகி,
குடும்பப் படத்தில் கோபித்துக்கொண்டு நிற்கும் மருமகன் மாதிரி.
லண்டன் பிளக்கைச் சொல்லவே வேண்டாம்.
இருட்டில் மிதித்தவனுக்குத் தெரியும்.
தன் வயிற்றிலேயே ஒரு ஃபியூஸ் வைத்திருக்கும்,
போகிற வீட்டை நம்பாமல்.

எங்கள் சுவரோ இன்னும் ஒரு முடிவுக்கு வராத சுவர்.
கீழ்மாடியில் பழைய வட்டத் துளை, ஐந்து அம்பியர்.
ஏசி இருக்கும் அறையில் அதே வட்டம், கொழுத்தது, பதினைந்து.
மேல்மாடி பிறகு கட்டியது,
இனிமேல் சதுரம்தான் என்று ஆன பிறகு.
படியேறி வருகிறவர்கள்
கையிலிருக்கும் பிளக்கைப் பார்ப்பார்கள், சுவரைப் பார்ப்பார்கள்,
கடைசியில் என்னைப் பார்ப்பார்கள்.

ஆவணியில் ஒரு கல்யாணக் கூட்டம்.
மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட சகோதரங்கள், நாலு நாட்டுக்காரர்,
இரவு பத்தரைக்கு என் மேசைக்கு முன்னால்
இரண்டு சதவீதம், மூன்று சதவீதம் என்று
ஆஸ்பத்திரி வரிசை போல நின்றார்கள்.
லாச்சியை இழுத்தேன்.
வந்து போனவர்கள் மறந்துவிட்ட அடப்டர்கள் முப்பதுக்கு மேல்.
அதோடு புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய வெள்ளைக் கட்டிகள்,
எதைக் குத்தினாலும் ஏற்கும்,
ஒன்றையும் இறுக்கிப் பிடிக்காது.
பக்கத்தில் நெருப்புக்குச்சி செருகினால்தான் நிற்கும்.

டொரண்டோ ஜனார்த்தினிக்குப் பொறுமையில்லை.
கையில் முடி நேராக்கும் கருவி,
நூற்றிருபது வோல்ட்டில் வளர்ந்தது.
"வேண்டாம் அக்கா, இஞ்ச இருநூற்று முப்பது."
"அதுதான் அடப்டர் போட்டாச்சே."
பொருந்துவது வேறு, தாங்குவது வேறு என்று
சொல்லத் தொடங்கினேன்.
டப்.
மூன்றாம் மாடி முழுக்க இருட்டு.
பொசுங்கிய பிளாஸ்டிக்கும் பொசுங்கிய மயிரும்
ஒரே வாசம்.

தெமட்டகொடையிலிருந்து பளீல் பாஸ் மோட்டார் சைக்கிளில் வரும்வரை
எல்லோரும் மாடிப்படியில் குந்தியிருந்தார்கள்.
ஒரே ஒரு பவர் பேங்க்.
அதற்குச் சுவரும் வேண்டாம், நாடும் வேண்டாம்.
போனுக்குள் நுழையும் முனை எல்லோருக்கும் ஒன்றுதான்.
ஆளுக்குப் பத்து நிமிடம் என்று பங்கு பிரித்தார்கள்.
எனக்குக்கூட ஒரு நிமிடம் நெஞ்சு இளகிப்போனது.
பதினோராவது நிமிடத்தில்
அளவெட்டிக் காணியின் மேற்கு எல்லையைப் பற்றிய சண்டை
விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

பளீல் பாஸ் சுவிட்சைத் தூக்கிவிட்டார்.
வெளிச்சம் வந்ததும் சண்டை பாதியில் நின்றது.
யாரையும் ஏசவில்லை. பிளேன்டீ கேட்டார்,
"ரெண்டாயிரத்தைந்நூறு" என்றார்,
மணிக்கூட்டைப் பார்த்து மூவாயிரம் ஆக்கினார்.

அவர்கள் போய் ஒரு கிழமை கழித்து
சூரிச்சிலிருந்து நிரோஜன் செய்தி அனுப்பினான்:
இருநூற்றேழில் சார்ஜரை விட்டிட்டன், அனுப்பேலுமோ?
தபால் செலவைச் சொன்னேன்.
சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று வந்தது, வேறொன்றுமில்லை.
விலகி நிற்கும் மருமகன் இப்போது லாச்சிக்குள்.

என் போனின் சார்ஜருக்கு இரண்டே குச்சி.
என் மேசைக்குப் பின்னால் இருப்பதோ மூன்று சதுரத் துளை.
மேல் துளையில் பேனையைக் குத்தினால்
கீழே இரண்டு கதவும் திறக்கும்.
பிழைதான், தெரியும், பளீல் பாஸும் சொன்னார்.
வேறு பேனை இல்லை.
வருகிறவர்கள் பெயரும் நாடும் எழுதிக்
கையெழுத்து வைப்பதும் அதே பேனையால்.
முனை வளைந்துவிட்டது,
எழுத்து கொஞ்சம் இடப்பக்கம் சாயும்.
ஏனென்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.