பற்று

அலை ஒரு மீட்டர் என்றது துறைமுகம்.
ஒன்றரை என்றான் படகோட்டி கலிஸ்தோ.
தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்,
பிள்ளையை வைத்துக்கொள்வது போல என்று எழுத ஆசை.
இல்லை, பெட்டியைப் போலத்தான் வைத்திருந்தேன்.
இரண்டிலிருந்து எட்டு டிகிரி.
அதற்கு மேல் சூடு ஆகாது.

சிலோயேயின் மழைக்கு அவசரம் கிடையாது.
முதல் தீவில் யாஸ்னா குவென்தேயோவின் மகன்.
பிறந்து ஒன்பது நாள்.
பெயர் முடிவாகவில்லை, இரு வீட்டாருக்கும் சண்டை.
தொங்கு தராசின் துணியில்
ஒரு மூட்டை ஈர உருளைக்கிழங்காய்ச் சுருண்டு
மூவாயிரத்து நூற்று நாற்பது கிராம் காட்டினான்.
உள்ளங்கையில் என் சுண்டுவிரலை வைத்தேன்.
பிடித்தான்.
தூக்கினால் உடம்பே கூட வரும், அப்படியொரு பிடி.
"அவனுக்கு என்னைவிட உங்களைத்தான் பிடிச்சிருக்கு" என்றாள் யாஸ்னா.
படிவத்தில் 'உண்டு' என்ற கட்டத்தில் குறியிட்டேன்.

நாலைந்து மாதத்தில் இது போய்விட வேண்டும்.
போகாவிட்டால்தான் கவலை.
தானாய் மூடும் கை மறந்த பிறகே
தானே நீண்டு கரண்டியை எடுக்கும் கை வரும்.
அவளிடம் இதைச் சொல்லவில்லை.
ஒன்பது நாள்தானே,
பிடித்துக்கொள்ளட்டும்.

பள்ளிக்கூடத்தில் பதினேழு பேர், இரண்டு ஆடும் பல், ஒரு பொய்.
பொய் ஐலினுடையது. பதின்மூன்று வயது.
போன முறையைவிட உயர்ந்துவிடக் கூடாதென்று
முழங்காலை லேசாய் மடித்து நின்றாள்.
"இது எப்போ நிக்கும்?"
எனக்கு ஐம்பத்தொன்று.
போன மார்ச்சோடு நின்றது வேறொன்று.
அந்த நேரம் பார்த்துக் கழுத்திலிருந்து நெருப்பு ஏறியது.
ஜன்னலைத் திறந்தேன். மழை மேஜைமேல் வந்து
இரண்டு பெயர்களை அழித்தது.
"நிக்கும், நிக்கும்" என்றேன்,
யாருக்குச் சொன்னேனோ.

சால்மன் பண்ணையில் முக்குளிக்கும் நெல்சன்
வயதில் இருபத்தாறு, தோள்மூட்டில் எழுபது.
நகரத்துக்குப் போய்ப் படம் எடுக்கச் சொன்னேன்.
சனிக்கிழமை என்றான்.
எந்தச் சனிக்கிழமை என்று சொல்லவில்லை.

கடைசி வீடு எலிசேயோ சிகுவாயுடையது.
எண்பத்து மூன்று. தீவுக் கால்பந்தின் பழைய நடுவர்.
இப்போது மகளின் பெயர் தெரியாது,
மகள் என்ற சொல்லும் தெரியாது.
ஓர்த்தென்சியா மணிக்கட்டைக் காட்டினாள்.
நான்கு விரல் நீலம், அடியில் ஒரு கட்டைவிரல்.
"சட்டை மாத்தும்போது பிடிச்சார். விடவே இல்லை.
என்மேல அவ்வளவு கோபம்."
"கோபமில்லை" என்றேன்.
"பின்னே?"
அடுத்த சொல்லுக்கு இடம் ஒழித்துக் காத்திருந்தது அவள் முகம்.
பாசம் என்று சொல்லியிருக்கலாம்.
யாருக்கு நஷ்டம்?

என் சுண்டுவிரலை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
பிடித்தார்.
காலையில் பிடித்த அதே பிடி.
மாடி மாடியாய் விளக்கணைந்த வீட்டில்
அஸ்திவாரத்தில் மட்டும் யாரோ விழித்திருந்தார்கள்.
"கை செய்யறது இது. அவர் இல்லை."
"அப்போ, நான்தான்னு தெரியாதா?"
அடுப்பில் விறகு வெடித்தது.
நான் சொல் தேடிய நேரத்தையே
அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

"இழுத்தால் இறுகும்.
புறங்கையைத் தடவுங்கள், மெதுவாக."
தடவினாள்.
நாலு வருடமாய்க் கழுவி, துடைத்து, நகம் வெட்டிய கை.
வேலையில்லாமல் அதைத் தொட்டதில்லை போலும்.
விரல்கள் ஒவ்வொன்றாய்த் திறந்தன.
என் விரலை எடுத்துக்கொண்டேன்.
அவள் நிறுத்தவில்லை.

முதியோர் படிவத்தில் அந்தக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் பேனாவால் எழுதினேன்:
பற்று, உண்டு.

இறங்குதுறைப் படியெல்லாம் பாசி.
கலிஸ்தோ கை நீட்டினான்.
இருட்டில் அலை நிஜமாகவே ஒன்றரை.
பெட்டி ஒரு கையில், அவன் கை மறு கையில்,
எப்படியோ உள்ளே வந்து உட்கார்ந்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து அவன் சொன்னான்:
"விடுங்க சென்யோரா,
ஏறியாச்சு."