பதினான்காம் கூடு

பேராதனையில் மரத்தூள் மாற்றும்போது
எக்கநாயக்க மேடம் சொன்னார்:
"பிரதாபனுக்குப் பழுதான அதே மரபணுதான்
இந்தச் சுண்டெலிக்கும்."

இது கம்பியில் தொங்குகிறது.
இரவெல்லாம் சக்கரத்தில் ஓடிவிட்டு
என் விரலை முகர்கிறது.

கலஹாத் தோட்டத்து லயத்தில்
தொடையில் கையூன்றி எழுந்துகொண்டிருந்தவன்
தையிலிருந்து எழுவதில்லை.
ஒன்பது வயது.
எண்பத்தாறு படி.
சுமந்து இறங்குகிறேன்.

"எலி ஏன் மேடம் விழவில்லை?"
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அதைத்தான் தேடுகிறோம்."

வியாழக்கிழமை எட்டு எலிகளின் தொடைச்சதை
நுண்ணோக்கிக்குப் போனது.
எண்களை நான்தான் ஒட்டினேன்.

வீட்டில் அரிசிச் சாக்கில் ஓட்டை.
வாங்கிய எலிப்பாஷாணம்
பிரிக்காமலே கூரைச் சட்டத்தில் செருகியிருக்கிறது.

ராத்திரி தகரத்தடியில் ஒன்று ஓடுகிறது.
படுத்தபடியே பிரதாபன்
கண்ணால் அதைத் துரத்துகிறான்.
விளக்கை அணைக்க விடமாட்டேன் என்கிறான்.