ஒரு விரற்கடை

முந்நூறு டாலர். இறக்கிவைக்கக் கூலி தனி.
ஆறு பேர் உட்காரும் வெந்நீர்த் தொட்டி, என்றார் எய்னோ கல்லியோ.
"கசியாது" என்று
நான் கேட்காமலே சொன்னார்.
அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.
நான் பார்த்துக்கொண்டிருந்தது
பாதி நாற்காலிகள் போய்விட்ட அவர் சாப்பாட்டு மேஜையை.

தண்டர் பேயில் அக்டோபர் முடியும் நேரம்.
வீட்டுக்கு வீடு சௌனா வைத்திருக்கும் தெருவில்
தொட்டி வாங்கியவள் நான் ஒருத்திதான்.
வெந்நீரில் உட்கார்ந்து என்ன வேகப்போகிறாய்
என்றாள் லெம்பி, வேலிக்கு அப்பாலிருந்து.
பனி வாரும் வண்டி ஓட்டுகிறேன், லெம்பி.
ஒரு நடைக்குப் பதினொரு மணி நேரம்.
இடுப்பு என்னுடையது.

நிரப்பினேன்.
காலையில் நாலு விரற்கடை குறைந்திருந்தது.
அடிச்சட்டத்திலிருந்து ஐஸ்
ஒரு நாக்கைப்போல நீண்டு கிடந்தது.

பக்கப் பலகையைக் கழற்றினால் மஞ்சள் நுரை,
ரொட்டிபோல் தெரியும், ரொட்டிபோல் அறுபடாது.
ரொட்டிக் கத்தியால்தான் அறுத்தேன்.
சாக்குச் சாக்காக அள்ளி வெளியே போட்டதில்
எலியொன்று குடித்தனம் நடத்திய அறை வந்தது:
சூரியகாந்தி விதைத் தோல், கொஞ்சம் பஞ்சு,
யாருடையதோ ஒற்றைக் காதடைப்பான்.
பிறகு பைப்புகள்.

பைப்புகளில்தான் அந்த மனிதரைப் பார்த்தேன்.

ஒரு மூட்டில் கறுப்பு டேப்.
டேப்பின் மேல் சைக்கிள் ட்யூப், ட்யூப்பின் மேல் கம்பி,
கம்பியின் மேல் கல்லாய் இறுகிய எபாக்ஸி.
ஒவ்வொன்றிலும் மார்க்கரில் தேதி.
மார்ச் 9. மே 2. ஜூலை 30, இரவு.
தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் குறிப்பில்
"இரவு" என்று எதற்கு?

கத்துவதற்காகத்தான் போன் செய்தேன்.
இருபது நிமிடத்தில் வந்து நின்றார்,
கையில் ஊதா ப்ரைமர், பசை டப்பா,
முட்டி போட ஒரு கார் மிதியடி.

தண்ணீரில் சிவப்பு ஊற்றினோம், கேக்குக்குப் போடும் சாயம்.
பம்பை ஓடவிட்டு, ஆளுக்கொரு டார்ச்சுடன்
மல்லாந்து கிடந்தோம்.
ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பம்பின் முனகல். என் வயிற்றின் முனகல்.
பிறகு மூன்று வழி மூட்டின் கழுத்தில்
ஒரு சிவப்பு மணி
ஊறி, தயங்கி, கனத்து, விழுந்தது.
"அங்கே" என்றோம், இருவரும் ஒரே மூச்சில்.

வடித்தோம். வெட்டினோம்.
ஹேர் டிரையரால் ஈரம் போக்கி, ஊதா தடவி, பசை தடவி
கால் சுற்றுத் திருகி
முப்பது எண்ணும்வரை விடாமல் பிடித்தோம்.
பத்தொன்பதில் அவர் பேசினார்.
ஒரு குளிர்காலம் வடிக்க மறந்துவிட்டேன்,
அன்றிலிருந்து இப்படி.
டோரீனுக்குத் தெரியாது.
அவள் தூங்கியபின் ஹோஸ் போட்டு நிரப்பிவிடுவேன்,
காலையில் பார்த்தால் விளிம்புவரை இருக்கும்.
ஐந்து வருடம்.
நல்ல தொட்டி என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முப்பது, என்றேன்.
கையை எடுத்தோம்.

பம்பின் மூட்டுக்குப் புது ரப்பர் வளையம் போட்டார்,
கிரீஸ் தடவும்போது மட்டும் கையுறையைக் கழற்றினார்.
போகும்போது நூறு டாலரை நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன். நுரை வாரியவள் நான்.

இன்னும் கசிகிறது.
வாரத்துக்கு ஒரு விரற்கடை, எங்கிருந்தென்று தெரியவில்லை.
உள்சுவரில் நகச்சாயத்தால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.
ஓட்டைச் சட்டியானாலும் வெந்தால் சரி என்று
மைனஸ் இருபத்தாறில் கழுத்துவரை இறங்கினால்
தலைமுடி உறைந்து குச்சியாகிறது,
இடுப்பு எங்கே இருக்கிறதென்றே மறந்துபோகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும்.
"எவ்வளவு?" என்பார், நலமா என்றுகூடக் கேட்காமல்.
கோட்டைப் பார்க்காமலே சொல்வேன்.
சொல்லிவிட்டு
சமையலறைச் சன்னல் வழியாக ஹோஸை நீட்டி
நிரப்புவேன், பட்டப்பகலில்,
லெம்பி பார்க்கும்படியாக.