ஒரு தடவை அடித்தால்

மண்டபம் வடகரையில்
ஐஸ் கம்பெனிக்கு ராத்திரிக் கணக்குப்பிள்ளை நான்.
திங்கள், புதன், சனி
விசைப்படகுகள் கடலுக்குப் போகிற நாட்கள்.
டோக்கன் வாங்கியவர்கள் வாசலில் இரைவார்கள்,
பார் பாராய் ஐஸ் அரவை மிஷினுக்குள் விழும்,
அமோனியா நெடியில் கண் கரிக்கும்.
மற்ற ராத்திரிகளில்
நானும் கம்ப்ரசரும்.

எழுதுவதற்கென்று ஒதுக்கியவை
அந்த மற்ற ராத்திரிகள்தான்.
பேனாவைத் துடைத்தேன். நோட்டுக்கு அட்டை போட்டேன்.
தலைப்புகள் மட்டும் பதினேழு எழுதினேன்.
பெயின்ட் அடித்து, பேர் எழுதி, மாலை போட்டு
தண்ணீரில் இறக்காமலே விட்ட பதினேழு படகுகள்.

ஆள் நெரிகிற சனிக்கிழமையில்தான்
முதல் வரி வந்தது.
யாருக்கோ சில்லறை எண்ணிக்கொண்டே
பில்லின் முதுகில் கிறுக்கினேன்.
அதற்குப்பின் நாள் பார்ப்பதில்லை.
தினம் நாலு வரி. பில்லோ, தீப்பெட்டி அட்டையோ.

கீழக்கரையில் ஜுலைஹா,
தைக்க வந்த துணிகளுக்கு நடுவே கதை எழுதுகிறவள்.
ஒப்பந்தம் அவளுடையது:
விடிகாலை நாலரைக்கு, சுபுஹு பாங்குக்கு முந்தி,
எழுதியிருந்தால் ஒரு தடவை அடிக்க வேண்டும்.
எழுதாவிட்டால் இரண்டு.
எடுக்கக் கூடாது.
"எடுத்தால் பேசுவோம்.
பேசினால் எழுத வேண்டியதைப் பேசியே தீர்த்துவிடுவோம்."

நூற்றுத் தொண்ணூறு விடியல்கள் அப்படிப் போயின.
வாடையில் வடகடல் கொந்தளித்தபோதும் ஒன்று.
பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய அன்றும் ஒன்று.
மகனுக்குப் பல் முளைத்த காய்ச்சலில் ஒருநாள் இரண்டு,
மறுநாள் ஒன்று.

சித்திரையில் தடைக்காலம் வந்தது.
படகுகளைக் கரையேற்றிவிட்டார்கள்.
கம்ப்ரசரையும் நிறுத்தியாயிற்று.
மீன் குஞ்சு பொரிக்கிற காலம்,
எழுத்துக்கும் அப்படித்தான் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
மீன் அங்கே வேலையாயிருந்தது.
நான் தூங்கினேன்.

இரண்டு. இரண்டு. இரண்டு.
ஒன்பதாம் நாள்
இரண்டு அடிக்க விரல் கூசியது.
எழுதாமலே
ஒரு தடவை அடித்து வைத்துவிட்டேன்.

பதில் வந்தது.
ஒன்று.
கொஞ்சம் விட்டு
இன்னொன்று.

ஒரு மழைக்காலம் முழுக்க ஒன்றே அடித்தவள்.
எனக்குத் தெரியும், அவளால் முடியாத ராத்திரி அது.
மூத்தவளை ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள்.
அங்கே வராந்தாவில் நின்றுகொண்டு
உள்ளதை உள்ளபடி அடித்திருக்கிறாள்.

அடித்ததைத் திரும்ப வாங்க
ஒப்பந்தத்தில் வழியில்லை.
மூன்று தடவை அடித்தேன்.

எடுத்தாள்.
மின்விசிறி கிறீச்சிடுகிற சத்தம்.
தூரத்தில் யாரோ இருமினார்கள்.
"எழுதலே" என்றேன்.
"தெரியும். எட்டு நாள் இரண்டு அடிச்ச ஆளு,
இன்னிக்கு அடிச்ச ஒன்னு ரொம்ப அவசரமா இருந்துச்சு.
வச்சிட்டு எழுது. பாங்கு சொல்லட்டும், அப்புறம் அடி."
வைத்துவிட்டாள்.
பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்றுகூட
நான் கேட்கவில்லை.

நோட்டைத் தேடவில்லை.
மேசையில் பாக்கிப் பேரேடு கிடந்தது.
அந்தோணிப் பிச்சை, நாற்பது பார்,
போன வாரம் வந்து நூற்றைம்பது கொடுத்துவிட்டுப் போனார்.
தடைக்காலத்துக்குச் செங்கல் சூளையில் வேலையாம்.
ரூபாய் நோட்டில்
அவர் கட்டைவிரல் பதிந்த இடம் சிவந்திருந்தது.
அதை எழுதினேன்.
சிவப்பு என்பதை அடித்துவிட்டு
செம்மண் என்று போட்டேன்.
அதையும் அடித்தேன்.
மறுபடி சிவப்பு.

பெரிய வரியொன்றும் இல்லை.
ஐந்தாவது வரிக்கு வரும்போது
தெற்கே பள்ளிவாசலில்
மைக்கைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.
இன்னும் ஒரு வரிக்கு
நேரமிருந்தது.