ஐந்து ஆம்பியர்

மாதம் பிறந்தால் ஹ்ராச் வந்துவிடுவான்,
கையில் ரசீதுப் புத்தகம், காதில் பென்சில்.
பெய்ரூத்தின் இந்தச் சந்தில்
அரிசி கிலோவில், துணி மீட்டரில்,
வெளிச்சம் ஆம்பியரில்.
அவன் ஜெனரேட்டரிலிருந்து
எனக்கும் மேல்மாடி நஸீஹுக்கும் சேர்த்து
ஐந்து.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
இங்கே ஆறே அளந்துதான் வருகிறது,
பால்கனி விட்டுப் பால்கனி தாவும்
கறுப்பு ஒயருக்குள்.

ஹ்ராச் சொன்ன கணக்கை
வெட்டுமேசையில் சாக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறேன்:
இருநூற்று இருபது வோல்ட் பெருக்கல் ஐந்து,
ஆயிரத்து நூறு வாட்.
வோல்ட், முதுகில் கைவைத்துத் தள்ளுகிற தோள்.
ஆம்பியர், தள்ளுப்பட்டு ஓடுகிற கூட்டம்.
"தடை என்றால்?"
"வழியில் மறித்து நிற்கிறவன்.
அவன் நின்றால்தான் உன் இஸ்திரிப்பெட்டி சுடும்."
சொல்லிவிட்டுப் போன மாதப் பாக்கியைக் கேட்டான்.
நானும் கொஞ்சம் மறித்து நின்றேன்.

தையல் மிஷினுக்கு நூறு வாட்.
ஃபிரிட்ஜுக்கு நூற்றைம்பது.
மேலே, நஸீஹின் மூக்குக்கு
ஆக்சிஜனைப் பிழிந்து தரும் இயந்திரத்துக்கு முந்நூற்றைம்பது.
இஸ்திரிப்பெட்டி ஒன்றே ஆயிரம் விழுங்கும்.
எல்லாம் பக்க இணைப்பு. ஆளுக்கொரு கிளை,
ஒன்று நின்றால் மற்றது நிற்காது.
ஆனால் அடிமரம் ஒன்றுதான்.
கிளைகள் கேட்பது கூடிப்போனால்
படிக்கட்டின் அடியில், தகரப்பெட்டிக்குள்,
டக்கென்று விழும் ஒரு நாக்கு.

மார்ச்சில் ஒரு கல்யாண உடுப்பு.
விடிந்தால் தேவாலயம்.
பதினோரு மீட்டர் பட்டு, கீழ்மடிப்பு முழுக்கச் சுருக்கம்.
கணக்கை மறந்தேன், செருகினேன்.
டக்.

அதுவரை என் காதில் விழாத ஓர் உறுமல்
மேலே நின்றுபோனது காதில் விழுந்தது.

நான்கு மாடி. சுவரைத் தடவி, செருப்பில்லாமல்.
நாக்கைத் தூக்கிவிட்டு
ஐந்து மாடி ஏறிக் கதவைத் தட்டினால்
சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு அவரே திறந்தார்.
"இது ஒரு மணி நேரம் தாங்கும், சேத்தா.
சொல்லிவிட்டுச் செய்தால் என்ன?"

அன்றிலிருந்து தண்ணீர்க்குழாய்தான் எங்கள் இரண்டாவது ஒயர்.
நான் கத்தரிக்கோலால் இரண்டு தட்டு: வேண்டும்.
அவர் கரண்டியால் இரண்டு தட்டு: மாறிவிட்டேன், போடு.
ஃபிரிட்ஜைப் பிடுங்கி, மிஷினைப் பிடுங்கி,
சட்டைக் கழுத்து, கை, முதுகு,
இருபது நிமிஷம் வேர்வையோடு ஓட்டம்.
முடிந்ததும் மறுபடி இரண்டு.
மேலே உறுமல் தொடங்கும்வரை
கத்தரிக்கோலைக் கீழே வைப்பதில்லை.
போனது திரும்பி வந்தால்தான் சுற்று என்பான் ஹ்ராச்,
பாதி வழியில் விட்டால்
அது வெறும் கம்பி.

சில ராத்திரி, இரண்டு மணி சுமாருக்கு,
அரசாங்கக் கரண்ட் வரும்.
அணைக்க மறந்த விளக்கெல்லாம் ஒரே நொடியில் விழிக்கும்,
எங்கோ நின்றுபோன லிஃப்ட் யாருமில்லாமல் ஏறும்.
அளவில்லை, நாக்கில்லை.
எழுந்து இஸ்திரிப்பெட்டியைச் செருகுகிறேன்.
பழக்கதோஷம்,
கை போய்க் குழாயைத் தட்டிவிடுகிறது.

மேலே தூக்கம் கெட்ட குரல்
அரபியில் திட்டுகிறது,
இரண்டு முறை.