ஆறு மணி

சேரன்மாதேவியில், என் பள்ளியில், ஒன்பது பத்துக்கு அடிக்கிறது.
பத்தமடையில் ஒன்பதேகால்.
வீரவநல்லூரில் ஒன்பது, ஒரு நிமிஷம் முன்னே பின்னே கிடையாது.
மேலச்செவலில் மணியே இல்லை,
வேம்பில் தொங்கும் தண்டவாளத் துண்டைச்
சத்துணவுக்கூடத்துப் பேச்சித்தாய்
உலை வைத்துவிட்டு வந்து அடிப்பாள்.
ஆற்றுக்கு அக்கரை முக்கூடலில் ஒன்பதே முக்கால்.
பிராஞ்சேரியில் எப்போது என்று
எனக்கு அப்போது தெரியாது.

ஆறு பள்ளிகள். ஒரே இயற்பியல் ஆசிரியை,
ஹெப்சிபா, என் பள்ளிச் சம்பளப் பட்டியலில்.
ஒருங்கிணைப்பாளர் என்று ஆணையில் என் பெயர்.
முதல் வேலையாக ரப்பர் ஸ்டாம்ப் செய்யக் கொடுத்தேன்.
இரண்டாவது, ஆறு நிறப் பென்சிலால்
ஆறு பேருக்கும் ஒரே கால அட்டவணை.
கோலம் மாதிரி இருந்தது.
வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.
ஆறு கட்டைவிரல்கள் உயர்ந்தன, ஒன்று என்னுடையது.
திங்கட்கிழமை
ஒரு மணியும் நகரவில்லை.

வீரவநல்லூர் நம்பிராஜன் சார்
காப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:
“எங்க பள்ளிக்கூடத்துக்கு எழுவத்தெட்டு வயசு.
உங்க கூட்டத்துக்கு?”
“மூணு மாசம் சார்.”
“பல்லு மொளைக்கட்டும், பேசுவோம்.”

முக்கூடலில் வாசலில் நின்று பார்த்தேன்.
பிந்தி வந்த பிள்ளைகளின் விரலில் புகையிலை வாசம்.
அம்மா சுற்றிய பீடிக்கட்டைக் கம்பெனியில் கொடுத்து,
கழிவு போக எண்ணி வாங்கி,
அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடம்.
‘சோம்பேறி மணி’ என்று
நான் நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

பத்தமடையில் செய்யதம்மாள் டீச்சர்
வெள்ளிக்கிழமைக் கட்டத்தைப் பேனாவால் தட்டினார்:
“பாதிப் பிள்ளைங்க ஜும்ஆவுக்குப் போயிருக்கும்.
ஒளிவிலகலை பெஞ்சுக்கா நடத்துவீங்க?”

திரும்பும் வழியில், கன்னடியன் கால்வாயில்
ஷட்டரைத் திருகிக்கொண்டிருந்த லஸ்கரிடம்
கடைமடைக்குத் தண்ணீர் போயிட்டா என்றேன், ஒரு பேச்சுக்கு.
“ரிஜிஸ்டர்ல போயிட்டு டீச்சர்.”
சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

எங்கள் கடைமடை பிராஞ்சேரி.
மறுநாள் காலையிலேயே போனேன்.
பதினோராம் வகுப்பில் பதினான்கு பேர்,
இயற்பியல் பாடவேளையில்
தமிழ்க் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள்.
அதே கட்டுரை, மூன்றாம் முறை.

அன்றிரவு பென்சில்களை என் மகனிடம் கொடுத்துவிட்டேன்.
மணிகள் கிடக்கட்டும், அதது நேரத்துக்கு அடிக்கட்டும்.
ஹெப்சிபாவின் ஸ்கூட்டி போகும் வழியை மட்டும்
தலைகீழாகத் திருப்பினேன்.
முதலில் பிராஞ்சேரி.
கடைசியில் எங்கள் பள்ளி, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை,
பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம்.

பெற்றோர் வந்தார்கள். ஒருவர் கத்தினார்.
“எங்க வீட்டுச் சோத்தை ஊருக்கு அள்ளி வைக்க நீங்க யாரு?”
என்னிடம் பதில் இல்லை. இன்னமும் இல்லை.
மூன்று பிள்ளைகள் டீசி வாங்கிப் பாளையங்கோட்டைக்குப் போனார்கள்.
ஒருத்தி சங்கரவடிவு. நன்றாகப் படிப்பாள்.
கையெழுத்துப் போடும்போது
அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

துண்டில் சுற்றிக் கொண்டுபோன கால்வனாமீட்டரின் முள்
பிராஞ்சேரியில் துடித்து ஒதுங்கியபோது
பதினான்கு தலைகளும் ஒன்றோடொன்று முட்டினவாம்.
ஹெப்சிபா சொன்னாள்.
ரிஜிஸ்டரில் எழுதுமுன் போய்ப் பார்க்க வேண்டும்.

புதன் இரவு நம்பிராஜன் சார் கூப்பிட்டார்.
மழையைப் பேசினார், அணை மட்டத்தைப் பேசினார்,
தன் பென்ஷன் பேப்பரைப் பேசினார்.
போனை வைக்கும்போது, வேறு யாரோ சொல்வதுபோல்:
“செவ்வாக்கெழமை மத்தியானம்
எங்க லேப் சும்மாதான் கெடக்கு.”

சம்மதம் என்று அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

ரப்பர் ஸ்டாம்ப் டிராயரில் இருக்கிறது,
மை படாமல்.
நாளையும் ஒன்பது, ஒன்பது பத்து, ஒன்பதேகால்,
உலை வைத்த பிறகு ஒன்று,
பீடிக்கட்டு எண்ணிய பிறகு ஒன்று.
பிராஞ்சேரிக்கு இன்னும் மணி வாங்கவில்லை.
ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால்
உள்ளே ஓடிவிடுகிறார்கள்.